மதாயின் ஸாலிஹ்: பாலைவனச் சுற்றுலாவுக்குப் புறப்படும் முன் எம்மவர்கள் அறிந்திருக்க வேண்டியவை

அண்மைக் காலமாக எமது நாட்டு உம்ரா முகவர்களின் விளம்பரங்களில் ஒரு புதிய வரி சேர்ந்திருக்கிறது. மக்கா, மதீனா, பத்ர், தாயிப் என்ற வழக்கமான பட்டியலுக்குக் கீழே "மதாயின் ஸாலிஹ், அல்உலா பாலைவனச் சுற்றுலா" என்று அச்சிடுகிறார்கள். செந்நிறப் பாறையில் குடைந்த பிரமாண்டமான வாசல், அதன் முன்னால் மணலில் பாயும் ஜீப் வண்டி, மேலே பறக்கும் வெப்பக் காற்று பலூன் என்று படமும் போடுகிறார்கள். சவூதியில் தொழில் புரியும் எமது இளைஞர்களும் விடுமுறை கிடைத்தால் அங்கு சென்று படங்களைப் பகிர்கிறார்கள்.

அதே படங்களுக்குக் கீழே சர்ச்சையும் எழுகிறது. "அல்லாஹ்வின் தண்டனை இறங்கிய பூமியில் உல்லாசப் பயணமா?" என்று ஒருவர் கேட்கிறார். "பூமியில் சுற்றித் திரிந்து முன்சென்றோரின் முடிவைப் பார்க்கும்படி குர்ஆனே கூறுகிறதே" என்று மற்றவர் பதில் சொல்கிறார். இரு தரப்பிலும் அந்த இடத்தைப் பற்றிய சரியான தகவல்கள் குறைவாகவே இருப்பதைக் காண்கிறேன். கடந்த வருடம் மதீனாவில் வேலை செய்யும் எனது மருமகனுடன் நான் அங்கு சென்று வந்தேன். அதற்கு முன்னும் பின்னும் வாசித்தவற்றையும் நேரில் கண்டவற்றையும் சேர்த்து, புறப்பட நினைக்கும் ஒருவர் தெரிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

எங்கே இருக்கிறது?

மதீனாவிலிருந்து வடமேற்குத் திசையில் சுமார் 330 கிலோமீற்றர் தூரத்தில் அல்உலா நகரம் இருக்கிறது. வாகனத்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். அங்கிருந்து வடக்கே சுமார் 20 கிலோமீற்றர் சென்றால் வருவதுதான் அல்ஹிஜ்ர். மக்கள் வழக்கில் மதாயின் ஸாலிஹ், அதாவது ஸாலிஹின் நகரங்கள். தொல்லியலாளர்களும் சுற்றுலாத் துறையினரும் ஹெக்ரா என்ற பழைய பெயரைப் பயன்படுத்துகிறார்கள். மூன்று பெயர்களும் ஒரே இடத்தையே குறிக்கின்றன. விளம்பரத்தில் "ஹெக்ரா" என்று மட்டும் இருந்தால் அது வேறோர் இடம் என்று எண்ணிவிட வேண்டாம்.

2008ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமைச் சின்னமாகப் பிரகடனம் செய்தது. சவூதி அரேபியாவிலிருந்து அந்தப் பட்டியலில் சேர்ந்த முதலாவது இடம் இதுவே. பாறையில் குடைந்த 111 பெரிய கல்லறைகள் இங்கு உள்ளன. அவற்றில் 94 கல்லறைகளின் முகப்புகள் அலங்காரம் கொண்டவை. பாறையைத் தோண்டி அமைத்த நூற்றுக்கும் மேற்பட்ட பழைய கிணறுகளும் உண்டு. 2017இல் அல்உலாவுக்கென ஒரு ரோயல் கமிஷன் அமைக்கப்பட்ட பின்னர்தான் ஹோட்டல்களும் விழாக்களும் சாகச விளையாட்டுகளும் இங்கே பெருகின. 2024 ஜனவரியில் டக்கார் பாலைவன மோட்டார் பந்தயம் இந்த ஊரிலிருந்தே ஆரம்பமானது.

குர்ஆனும் ஹதீஸும் கூறுவது

அல்குர்ஆனின் 15ஆவது அத்தியாயத்தின் பெயரே அல்ஹிஜ்ர். அதன் 80 முதல் 84 வரையான வசனங்கள் ஹிஜ்ர்வாசிகளைப் பற்றிப் பேசுகின்றன. மலைகளைக் குடைந்து வீடுகள் அமைத்து, தாம் பாதுகாப்பாக இருப்பதாக அவர்கள் எண்ணியிருந்ததும், ஓர் அதிகாலையில் பேரோசை அவர்களைப் பிடித்ததும், அவர்கள் சம்பாதித்தவை பயன் தராமல் போனதும் அங்கே கூறப்படுகின்றன. ஸமூத் கூட்டத்தினர், நபி ஸாலிஹ் (அலை), அத்தாட்சியாக வந்த பெண் ஒட்டகம் ஆகியவற்றின் வரலாறு அஃராப், ஹூத், ஷுஅரா உள்ளிட்ட வேறு அத்தியாயங்களிலும் வருகிறது.

ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு தபூக் பயணத்தின்போது நபி (ஸல்) அவர்களும் ஸஹாபாக்களும் இவ்வழியாகச் சென்றார்கள். இப்னு உமர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஸஹீஹ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அதன் கருத்து இதுதான்: தமக்கே அநீதி இழைத்துக்கொண்ட அந்த மக்களின் வசிப்பிடங்களுக்குள் அழுதவர்களாகவே அன்றி நுழைய வேண்டாம் என்று நபியவர்கள் கூறினார்கள். அவர்களுக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேர்ந்துவிடக்கூடும் என்ற எச்சரிக்கையும் அதனோடு இருந்தது. பின்னர் தமது தலையை மூடிக்கொண்டு அந்தப் பள்ளத்தாக்கை விரைவாகக் கடந்தார்கள்.

மற்றோர் அறிவிப்பில், ஸஹாபாக்கள் அங்குள்ள கிணறுகளில் நீர் இறைத்து மாவும் பிசைந்துவிட்டார்கள் என்று வருகிறது. அந்நீரைக் கொட்டிவிடும்படியும், மாவை ஒட்டகங்களுக்குக் கொடுக்கும்படியும், அந்தப் பெண் ஒட்டகம் நீர் அருந்திய கிணற்றிலிருந்து மட்டும் நீர் எடுக்கும்படியும் நபியவர்கள் பணித்தார்கள். இமாம் புகாரி இந்த ஹதீஸைத் தண்டனை இறங்கிய இடங்களில் தொழுவது பற்றிய பாடத்திலும் சேர்த்திருக்கிறார்.

முஸ்லிம்கள் இதனைப் பல நூற்றாண்டுகளாகப் பின்பற்றியும் வந்திருக்கிறார்கள். 1344இல் எமது இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, அதற்கு 18 வருடங்களுக்கு முன்னர், 1326இல், டமஸ்கஸிலிருந்து ஹஜ் பயணக் கூட்டத்துடன் அல்ஹிஜ்ரைக் கடந்தார். அங்கே நீர் நிறைய இருந்தும், தாகம் கடுமையாக இருந்தும், நபியவர்களைப் பின்பற்றி எவரும் அதை இறைப்பதில்லை என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். அடுத்த தரிப்பிடமான அல்உலாவில்தான் ஹாஜிகள் சில நாட்கள் தங்கி, துணி துவைத்து, உணவு சேகரித்தார்கள். மேலதிகப் பொருட்களை அவ்வூர் மக்களிடம் அமானிதமாக ஒப்படைத்துவிட்டு மதீனாவுக்குச் சென்றார்கள்.

கல்வெட்டுகள் கூறுவது

நான் பார்த்த கல்லறைகளின் வாசல்களுக்கு மேலே சட்டமிட்டாற்போல் கல்வெட்டுகள் இருந்தன. அவை நபாத்தியர் என்ற அரபு வணிக சமூகத்தாருடையவை. ஜோர்தானில் உள்ள பெத்ராவைத் தலைநகராகக் கொண்டு, தென் அரேபியாவின் சாம்பிராணி வியாபாரத்தில் செல்வம் சேர்த்தவர்கள் அவர்கள். பெத்ராவிலிருந்து சுமார் 500 கிலோமீற்றர் தெற்கே அவர்கள் அமைத்த முக்கிய நகரமே ஹெக்ரா. 106ஆம் ஆண்டில் உரோமப் பேரரசர் ட்ராஜன் அவர்களது இராச்சியத்தைத் தன்னுடன் இணைத்துக்கொண்டார்.

இக்கல்வெட்டுகள் பெரும்பாலும் சொத்துப் பத்திரங்கள் போன்றவை. யாருடைய கல்லறை, யார் யார் இங்கே அடக்கப்படலாம், எந்த மன்னரின் எத்தனையாவது ஆட்சியாண்டில் முடிந்தது, கல் கொத்தியவர் யார் என்பதெல்லாம் அவற்றில் உள்ளன. திகதியிட்டவை கி.மு. 1 முதல் கி.பி. 75 வரையானவை. பல கல்லறைகளுக்குப் பெண்களே உரிமையாளர்கள். கல்லறையை விற்பவருக்கும் அடகு வைப்பவருக்கும் தண்டப்பணமும் சாபமும் குறிக்கப்பட்டுள்ளன. கம்கம் என்ற பெண்ணின் கல்லறையில் சாபமிடும்படி அழைக்கப்படும் தெய்வங்களில் லாத்தும் மனாத்தும் இருக்கின்றன. அந்நஜ்ம் அத்தியாயத்தில் நாம் ஓதும் அதே பெயர்கள், இஸ்லாத்துக்கு ஆறு நூற்றாண்டுகள் முந்திய கல்லில் இருக்கின்றன. வழிகாட்டி அதை வாசித்துக் காட்டியபோது எமது குழுவில் இருந்த பாகிஸ்தானியர் ஒருவர் மெதுவாக இஸ்திஃபார் ஓதியதைக் கேட்டேன்.

விளம்பரங்களில் அதிகம் வரும் படம் கஸ்ருல் ஃபரீத். தனியே நிற்கும் ஒரே பாறையில் செதுக்கிய, சுமார் 22 மீற்றர் உயரமான முகப்பு அது. அதன் கீழ்ப்பகுதி முடிவடையாமல் கரடுமுரடாக நிற்கிறது. மேலிருந்து கீழ் நோக்கியே செதுக்கி வந்தார்கள் என்பதற்கு அதுவே சான்று. "கஸ்ர்" என்றால் மாளிகை என்றாலும் அது மாளிகை அல்ல, கல்லறைதான்.

வீடா, கல்லறையா?

இங்கேதான் பலருக்கும் குழப்பம் வருகிறது. குர்ஆன் கூறுவது ஸமூத் கூட்டத்தார் குடைந்த வீடுகளைப் பற்றி. நாம் இன்று காண்பதோ நபாத்தியரின் கல்லறைகள். சிலர் தொல்லியலைப் பொய் என்கிறார்கள். இன்னும் சிலர் வேதத்தைச் சந்தேகிக்கத் தொடங்குகிறார்கள்.

இரண்டுக்கும் அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அல்ஹிஜ்ர் என்ற நிலப்பகுதியே ஸமூதின் பூமி என்று ஹதீஸ் அடையாளப்படுத்துகிறது. இந்த முகப்பு இன்னாரால் செதுக்கப்பட்டது என்று அது கூறவில்லை. ஒரே பள்ளத்தாக்கில், ஒரே மிருதுவான மணற்பாறையில், காலத்துக்குக் காலம் வெவ்வேறு மக்கள் வாழ்ந்து குடைந்திருக்கிறார்கள். நபாத்தியருக்கு முன்னர் இப்பிரதேசத்தில் தாதான், லிஹ்யான் இராச்சியங்கள் இருந்தன. ஸமூத் என்ற பெயர் கி.மு. 8ஆம் நூற்றாண்டின் அசீரிய மன்னர் இரண்டாம் சார்கோனின் பதிவுகளிலும், கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வடமேற்கு அரேபியாவின் ருவாஃபா கல்வெட்டிலும் வருகிறது. ஆகவே வாசலில் பெயரும் திகதியும் எழுதியிருக்கும் கல்லறையைக் காட்டி "இதுதான் ஸமூத் மக்கள் வசித்த வீடு" என்று யாத்திரிகர்களுக்குக் கூறுவதை முகவர்களும் வழிகாட்டிகளும் நிறுத்த வேண்டும். பூமி அவர்களது பூமி. கண்ணுக்குத் தெரியும் செதுக்கல் பின்னே வந்தவர்களுடையது. இப்படிச் சொன்னால் மார்க்கத்துக்கும் அறிவுக்கும் எந்தக் குறையும் வராது.

போகலாமா?

இது மார்க்கத் தீர்ப்பு வழங்கும் கட்டுரை அல்ல. அதற்கு நான் தகுதியானவனும் அல்லன். எனினும் உலமாக்களிடையே உள்ள இரு பார்வைகளை வாசகர் அறிந்திருப்பது நல்லது. படிப்பினை பெறும் நோக்கில், அச்சத்தோடும் பணிவோடும் சென்று, தாமதிக்காமல் திரும்புவது கூடும் என்பது ஒரு பார்வை. நபியவர்கள் பயண வழியில் இருந்ததால்தான் அதைக் கடந்தார்கள், அதுவும் விரைந்து கடந்தார்கள், எனவே அதையே நோக்கமாகக் கொண்டு பயணம் போவது உகந்ததல்ல என்பது மற்றொன்று. இரு தரப்பாரும் ஒன்றுபடும் இடம் ஒன்று உண்டு. அது களிப்புக்கான இடம் அல்ல என்பதே அது.

என் கருத்து இதுதான். அல்ஹிஜ்ரையும் அல்உலாவையும் பிரித்துப் பாருங்கள். எச்சரிக்கை அல்ஹிஜ்ருக்கு உரியது. அல்உலா நகரமும் அதன் மலைகளும் பாலைவனமும் ஹாஜிகள் தங்கிச் சென்ற, முஸ்லிம்கள் பல நூற்றாண்டுகள் வாழ்ந்த சாதாரண பூமி. சாகசம் வேண்டுவோருக்கு அங்கே போதுமான இடம் உண்டு. அல்ஹிஜ்ருக்குள் செல்ல முடிவு செய்பவர், உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெற்று, உண்பதும் பருகுவதும் தொழுவதும் அதற்கு முன்னரோ பின்னரோ அமையும்படி நேரத்தைத் திட்டமிடுங்கள். குழுப்படம், நகைச்சுவைக் காணொளி, பாடல் சேர்த்த பதிவு எதுவும் அங்கே வேண்டாம்.

குடும்பங்களிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. வருடக்கணக்கில் சேமித்து உம்ராவுக்கு வரும் வயோதிபர்களை, மஸ்ஜிதுந் நபவியில் இருக்கக் கிடைத்த சொற்ப நாட்களில் ஒரு முழு நாளை எடுத்து, போகவர எட்டு மணி நேரம் பஸ்ஸில் அமர்த்துவது சரிதானா என்று யோசியுங்கள். எனது குழுவில் வந்த ஒரு மூதாட்டி முழங்கால் வலியால் பஸ்ஸை விட்டு இறங்கவே இல்லை. இந்தச் சுற்றுலா விருப்பத் தெரிவாக இருக்க வேண்டும். பொதிக்குள் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது.

அல்உலாவில் பார்க்க வேண்டியவை

ஜபல் இக்மா: ஒரு குறுகிய பள்ளத்தாக்கின் சுவர்கள் முழுவதும் நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள். பெரும்பாலானவை தாதானிய எழுத்தில் அமைந்தவை. 2023இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தது.

தாதான்: லிஹ்யானியரின் தலைநகரம். செங்குத்தான செம்பாறையில் உயரத்தே, சிங்க உருவங்கள் காவல் நிற்கும் கல்லறைகள் தெரியும்.

ஸுஹைர் கல்வெட்டு: என்னை அதிகம் பாதித்த செய்தி இது. அல்உலாவுக்கும் அல்ஹிஜ்ருக்கும் இடையே ஒரு பாறையில் ஸுஹைர் என்பவர், உமர் (ரழி) அவர்கள் மரணித்த காலத்தில், 24ஆம் ஆண்டில் இதை எழுதியதாகப் பொறித்துள்ளார். ஹிஜ்ரி ஆண்டு குறித்த மிகப் பழைய கல்வெட்டுகளில் ஒன்று. சில எழுத்துகளுக்குப் புள்ளிகளும் இடப்பட்டுள்ளதால் அரபு எழுத்து வரலாற்றில் பெரும் மதிப்புடையது. 2003இல் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. நபாத்திய எழுத்திலிருந்தே அரபு எழுத்து வளர்ந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நாம் ஓதும் எழுத்தின் பயணத்தை இந்த ஒரு பள்ளத்தாக்கிலேயே காணலாம்.

பழைய நகரம்: மண்ணாலும் கல்லாலும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய சுமார் 900 வீடுகள். 1980கள் வரை மக்கள் இங்கே வாழ்ந்தார்கள். தன்தோரா எனப்படும் நிழற்கடிகாரத்தைக் கொண்டு பயிர்ச்செய்கைக் காலத்தைக் கணித்தார்கள்.

ஹிஜாஸ் ரயில் பாதை: சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் காலத்தில் 1900இல் தொடங்கி 1908இல் மதீனாவை அடைந்தது. டமஸ்கஸிலிருந்து சுமார் 1,300 கிலோமீற்றர். உலக முஸ்லிம்களின் நன்கொடைகளும் இதற்குச் சேர்ந்தன. முதலாம் உலகப் போரில் சிதைந்தது. அதன் நிலையக் கட்டடங்கள் அல்ஹிஜ்ரிலும் அல்உலாவிலும் நிற்கின்றன.

இயற்கை: மேலே எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கல் மேட்டுநிலமான ஹர்ரா, கீழே செம்மணற்பாறைக் குன்றுகள், நடுவே பேரீச்சந் தோட்டங்கள். காற்று அரித்து யானை வடிவான ஜபலுல் ஃபீல் சுமார் 52 மீற்றர் உயரம். மலையேற்றம், மணற்குன்றுகளில் ஜீப் சவாரி, பலூன், இரவில் நட்சத்திரம் பார்த்தல் என எல்லாம் உண்டு. கல்பனைகளுக்கு எட்டாத அந்த இரவு வானத்தைப் பார்ப்பதற்குக் கட்டணமே தேவையில்லை.

நடைமுறை விடயங்கள்

காலம்: ஒக்டோபர் முதல் மார்ச் வரை ஏற்றது. கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் கடும் குளிர் இருக்கும். எமது நாட்டுப் பழக்கத்தில் மெல்லிய உடையோடு போய்விட வேண்டாம்.

விசா: உம்ரா விசாவில் செல்வோர் அதன் காலம், செல்லக்கூடிய இடங்கள் பற்றிய நிபந்தனைகளை முகவரிடம் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். விதிகள் அடிக்கடி மாறுகின்றன.

நுழைவு: அல்ஹிஜ்ருக்குள் சொந்த வாகனத்தில் சுற்ற முடியாது. முன்பதிவு செய்து, வழிகாட்டியுடன் செல்ல வேண்டும். வழிகாட்டியை அங்கே "ராவி" என்கிறார்கள். ஹதீஸ் அறிவிப்பாளரைக் குறிக்கும் அதே சொல் என்பதால் எம்மவர்களுக்கு அது உடனே மனதில் பதியும்.

வீதி: இரவில் ஒட்டகங்கள் வீதியைக் கடக்கும். மோதினால் உயிராபத்து. இயன்றவரை பகலில் பயணம் செய்யுங்கள். எரிபொருள் நிலையங்கள் தூரத்தூரமாகவே இருக்கும்.

பாலைவனம்: தார் வீதியை விட்டு மணலில் இறங்குவதாயின் உள்ளூர்ச் சாரதி அவசியம், தனி வாகனத்தில் இறங்கவே கூடாது. ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து லீற்றருக்குக் குறையாமல் நீர் எடுங்கள். தொலைபேசி இணைப்பு எல்லா இடத்திலும் கிடையாது. எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். மழை மேகம் தெரிந்தால் வாதி எனப்படும் வறண்ட ஆற்றுப் பள்ளத்தில் தங்க வேண்டாம். தூரத்தில் பெய்யும் மழையே திடீர் வெள்ளமாக வந்து சேரும்.

சட்டம்: கல்வெட்டில் கீறுவதும், துண்டு எடுத்து வருவதும் குற்றம். சிறு மட்பாண்ட ஓட்டைக்கூட ஞாபகார்த்தமாக எடுக்காதீர்கள்.

எமக்கான பாடம்

தொன்மையான இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்பது சவூதியோடு முடியும் விடயம் அல்ல. 2019 ஜனவரியில் ஹொரவப்பொத்தானைப் பகுதியில் உள்ள கிரலாகல தூபியில் ஏறி நின்று படமெடுத்து முகநூலில் இட்ட எமது பல்கலைக்கழக மாணவர்கள் கைது செய்யப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். அது அறியாமையால் நடந்தது என்று நாம் அன்று வாதாடினோம். ஆனால் பிறர் புனிதமாகக் கருதும் தூபியில் கால் வைப்பதும், நபியவர்கள் தலையை மூடிக்கொண்டு கடந்த பள்ளத்தாக்கில் கைகளை விரித்துச் சிரித்துப் படம் எடுப்பதும் ஒரே குறைபாட்டிலிருந்தே வருகின்றன. நிற்கும் இடம் எது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கெமராவை எடுப்பதே அந்தக் குறைபாடு.

இதற்கு மருந்தை எமது மத்ரஸாக்களிலும் பாடசாலைகளிலும் தொடங்கலாம். சுற்றுலா செல்லும் முன் அந்த இடத்தின் வரலாற்றை ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுப்பது பெரிய காரியம் அல்ல. உம்ரா முகவர்களும் அல்உலாவை விளம்பரத்தில் சேர்ப்பதாயின், குழுவோடு செல்லும் மௌலவியைக் கொண்டு முந்திய இரவே அல்ஹிஜ்ர் அத்தியாயத்தின் அந்த ஐந்து வசனங்களையும் இப்னு உமரின் ஹதீஸையும் விளக்க வைக்கட்டும். கேட்டபின் போவதா இல்லையா என்பதை ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்யட்டும்.

இப்னு பதூதா பார்த்தபோது அந்தக் குடைவுகளுக்குள் உக்கிப்போன எலும்புகள் கிடந்தன. வாசலின் செதுக்கலோ நேற்றுச் செய்தது போல் இருந்தது என்கிறார். எழுநூறு வருடங்கள் கழித்து நான் பார்த்தபோது எலும்புகளும் இல்லை. விற்கக் கூடாது, திறக்கக் கூடாது என்று சாபமிட்டு எழுதிய வாசல்கள் மட்டும் திறந்து கிடக்கின்றன. படிப்பினை தேடிச் செல்பவருக்கு அதுவே போதும்.

அல்லாஹ் எம் அனைவரின் பயணங்களையும் பயனுள்ளவையாக ஆக்குவானாக.